விழுகின்றவனின் வீரம்

சென்ற மாதம் ஓரிரவு, நாம் கிராணியாகப் பணியாற்றும் தோட்டத்து மண்டபத்தில் இளைஞர் பலர் கூடி, அமெரிக்க மற்போரைத் தொலைக்காட்சியிற் கண்டு ஆரவாரித்துக்கொண்டிருந்தனர். பட்டணத்திலிருந்து நம் இல்லத்திற்கு விருந்தினராக வந்திருந்த ஆசிரிய நண்பர் அவ்வொலி கேட்டு முகஞ் சுளித்தார். "முடிவை முன்னதாகவே பேசி வைத்துக்கொண்டு ஆடும் பொய்யாட்டம் இது. இதைக் கண்டு கைதட்டும் மக்களுக்கு எப்பொழுது அறிவு வரப்போகிறது? பகுத்தறிவு பேசும் நீங்களாவது இவர்களுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார். நாம் உடனே மறுமொழி கூறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னரென்றால் நண்பர் சொன்னதையே நாமும் சொல்லியிருப்போம். ஆங்கிலப் பள்ளியிற் படித்த காலத்தில் சொல்லியும் இருக்கிறோம். அக்கருத்து ஏன் மாறியது, மற்போர்க் கலையை எவ்வாறு மதிப்பிடுதல் தகும் என்பவற்றை எழுத்தில் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். தொழில்முறை மற்போரில் வெற்றி தோல்வி முன்னரே முடிவு செய்யப்படுகிறது. இஃது இன்று இரகசியமன்று. 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன்பு, மற்போர்க் கம்பெனியாரே தங்கள் தொழில் போட்டி விளையாட்டன்று, மக்களை மகிழ்விக்கும் காட்சியே என்று ஒப்புக்கொண்டனர். உண்மையின்மீது கொண்ட பற்றினால் அவ்வாறு செய்தார்களில்லை. விளையாட்டுப் போட்டிகளின்மீதுள்ள வரியினின்றும் மேற்பார்வையினின்றும் விடுபடவே செய்தனர். எவ்வாறாயினும் உண்மை வெளிவந்துவிட்டது.

ஆயின், முடிவு பேசி வைக்கப்பட்டது என்பதிலிருந்து அடியும் பொய், வலியும் பொய், வலிமையும் பொய் என்ற முடிவிற்குத் தாவுவது தருக்கமாகாது. துச்சாதனன் மாளப்போவதை அறியாதவர் எவரும் தெருக்கூத்துப் பார்க்க உட்காருவதில்லை. அதனால், கிரீடமும் புயக்கட்டையும் சுமந்து விடியுமளவும் ஆடிய கூத்தனின் கால்வலி பொய்யாகிவிடுமா? கதை கட்டப்பட்டது, கால் கட்டப்பட்டதன்று. இவ்வேறுபாட்டை மறப்பதே படித்த நம்மவர் செய்யும் பிழை.

மெய்ப்போர் கூத்தாகிய வரலாறு

மற்போர் தொடக்கத்திலேயே இவ்வாறிருக்கவில்லை. 1910ஆம் ஆண்டு பஞ்சாபைச் சேர்ந்த காமா பயில்வான் இலண்டனுக்குச் சென்றார். அவர் ஆறடிக்குக் குறைந்த உயரத்தினர். மேனாட்டு மல்லர்களை அறைகூவி அழைத்து, அமெரிக்கரான ரோலர் என்பாரை எளிதில் வீழ்த்தினார். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவுடன் பொருதார். ஸ்பிஸ்கோ தரையிற் குப்புறப் படிந்து தம்மைக் காத்துக்கொள்வதிலேயே பெரும்பொழுதைக் கழித்தார். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் எவரும் வெல்லவில்லை. மீண்டும் பொருதற்குக் குறித்த நாளில் ஸ்பிஸ்கோ கோதாவிற்கே வரவில்லை. வெற்றி காமாவுக்கு அளிக்கப்பட்டது. பதினெட்டாண்டுகள் கழித்து, 1928இல், பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தபொழுது காமா ஒரு நிமிடத்திற்குள் அவரை வீழ்த்தினார்.

இவ்விரு போர்களையும் காசு கொடுத்துப் பார்க்க வந்தவனின் நிலையிலிருந்து எண்ணிப் பாருங்கள். ஒன்றில் இரண்டரை மணி நேரம் ஒருவர் படுத்தே கிடந்தார். மற்றொன்று கண்ணிமைக்குமுன் தீர்ந்தது. மெய்யான வல்லமைக்குக் காண்போரை மகிழ்விக்க வேண்டும் என்ற கடப்பாடு இல்லை. 1908இல் சிக்காகோவில் காட்சும் ஹாக்கன்ஷ்மிட்டும் பொருத போர் இரண்டு மணி நேரம் நீண்டது. இத்தகைய நீண்ட பிடிகளால் கூட்டம் குறைந்துவருவதைக் கண்ட எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்னும் மூவர், 1920களில் நேர வரையறை வகுத்து, விரைவும் வீச்சும் உள்ள பிடிகளைச் சேர்த்து, ஊர்தோறும் மல்லர்களை அழைத்துச் சென்று காட்சி நடத்தினர். இன்று காணும் மற்போர் அதன் வழி வந்தது. மெய்ப்போரில் எதிரியை வெல்லும் வலிமை போதும். காட்சிப்போரிலோ எதிரியையும் காத்து, காண்போரையும் கவர்ந்து, நாளை வேறோர் ஊரில் மறுபடி ஆடுதற்குத் தன்னுடலையும் மிச்சப்படுத்திக்கொள்ளும் வலிமை வேண்டும்.

விழுதல் என்னும் வித்தை

மற்போர் மேடை மெத்தையன்று. இரும்புச் சட்டங்களின்மேல் மரப்பலகை. பலகைமேல் மெல்லிய பஞ்சணை. அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி. அவ்வளவே. மல்லன் முதலிற் பயில்வது அடிக்கும் முறையையன்று, விழும் முறையை. முகவாயை மார்போடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பிடரி பலகையைத் தொடலாகாது. முதுகின் மேற்பாகம் முழுவதும் ஒருங்கே படியவேண்டும். அதே நொடியில் இரு கைகளும் உள்ளங்கை கீழாகத் தரையை அறைய வேண்டும். மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும். விழுகையின் வேகம் ஓரிடத்தில் தாக்காமல் உடலெங்கும் பரவுதற்கே இவ்வளவும். இம்முறையில் விழுந்தால் எலும்பு முறியாது, ஆனால் வலிக்கும். ஒருநாள் விழுந்தால் ஒருநாள் வலி. ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட இரவுகளில் விழுபவனுடைய முதுகெலும்பின் கணக்கை யார் எழுதி வைத்தார்?

தூக்குதலிலும் ஒரு நுட்பம் உண்டு. தூக்கப்படுகிறவன் தானும் எழும்பித் துணைசெய்கிறான் என்பது உண்மை. எனினும் தலைக்குமேற் சென்றபின் அவனுடைய பாரம் முழுதும் தூக்கியவன் தோளில்தான் இறங்குகிறது. தலைகீழாகத் தொங்குபவனுடைய கழுத்து தூக்கியவன் கையில் இருக்கிறது. ஓரங்குலம் தவறினால் உயிர் போம். பகைவர்போல் உறுமும் இருவரும் உள்ளபடி ஒருவர் உயிரை மற்றொருவரிடம் ஒப்படைத்திருக்கின்றனர். இதனைப் பொய்யென்று தள்ளுவதா, நம்பிக்கையின் உச்சமென்று கொள்ளுவதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

நம் நாட்டுக் கோதாக்கள்

இக்கலை நமக்குப் புதியதன்று. சிங்கப்பூரில் நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் என்னும் உல்லாசப் பூங்காக்கள் இருந்த காலத்தில், மற்போர் இரவுகளுக்குத் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் மக்கள் திரண்டு சென்றனர். அமிர்தசரசு மாவட்டத்துச் சிற்றூரில் 1928இல் பிறந்த தாராசிங், 1940களின் பிற்பகுதியில் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கு வந்தவரே. இரும்புப் பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை செய்துகொண்டே கிரேட் வோர்ல்ட் அரங்கில் ஹர்நாம் சிங் என்பாரிடம் மற்போர் பயின்றார். பின்னர் 1968இல் பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெசை வென்றதும், 1987இல் தொடங்கிய இராமாயணத் தொடரில் அனுமனாக நடித்ததும், 2003இல் இந்திய மேலவை உறுப்பினரானதும் உலகறிந்த செய்திகள். 2012இல் அவர் மறைந்தபொழுது, இந்நாட்டு முதியவர் பலர் உறவினரை இழந்ததுபோல் வருந்தினர். தம்மைப்போற் கூலிக்கு வந்து உடலால் உயர்ந்தவர் என்ற உரிமை அவர்களுக்கு இருந்தது.

அவருக்கு எதிர்நின்றவர் கிங்காங் என்ற மேடைப்பெயர் கொண்ட ஐரோப்பியப் பயில்வான். மலைபோன்ற உடலினர். மோட்டார் விபத்தில் அடிபட்டு 1970இல் சிங்கப்பூரிலேயே மாண்டார். நம் பாட்டனார் ரப்பர் மரம் வெட்டியவர். இளமையில் இவ்விருவர் போரைக் கண்டதையும், தாராசிங் கிங்காங்கைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றியதையும் பன்முறை கூறுவார். பள்ளிச் சிறுவனாயிருந்த நாம் ஒருமுறை, "தாத்தா, அதெல்லாம் பேசி வைத்துக்கொண்ட நாடகம்" என்று சிரித்தோம். பாட்டனார் சினங்கொள்ளவில்லை. "நாடகமாவே இருக்கட்டும் ஐயா. அந்தப் பாரம் நாடகமா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்விக்கு நம் ஆங்கிலப் படிப்பில் விடை இல்லை.

பின்னாளில் மற்றொரு கேள்வியும் நமக்குள் எழுந்தது. பாட்டனார் தூக்கியவரைப் போற்றினார். நாமும் அவரையே எண்ணினோம். அவ்வளவு உயரத்திலிருந்து பலகைமேல் விழுந்த கிங்காங்கை எவர் எண்ணினார்?

பழம்பாட்டிற் கண்ட மல்லன்

இக்கேள்வியோடு புறநானூற்றைத் திறந்தால் புதியதொரு பொருள் புலப்படுகிறது. தித்தன் மகனாகிய போர்வைக்கோப்பெருநற்கிள்ளி, ஆமூரில் ஒரு மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். 80ஆம் பாட்டில் அவர், வீரன் சூரன் என்ற வெற்றுச் சொற்களை அடுக்கவில்லை. ஒரு முழங்கால் எதிரியின் மார்பில் ஊன்றியிருக்கிறது; மற்றொரு கால் அவன் முதுகை வளைத்துத் தடுக்கிறது; பசித்த யானை மூங்கிலை வளைத்து முறிப்பதுபோல் இரு முனையும் ஒடிகிறது. பிடியை அறிந்தவனுக்கு இது பிடி. அறியாதவனுக்கும் கண்முன் காட்சி. இக்காலத்தில் விளையாட்டைப் பற்றி எழுதுவோர் "மலைத்தோள்" "சிங்கப் பாய்ச்சல்" என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். முழங்கால் எங்கே இருந்தது என்று சொல்வாரில்லை. மற்போரை எழுத விரும்புவோர் முதலிற் பயில வேண்டிய பாட்டு இது.

82ஆம் பாட்டோ இன்னும் வியப்பிற்குரியது. போரின் விரைவைக் கூறப் புலவர் இடியையும் மின்னலையும் தேடிச் செல்லவில்லை. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழையோ பெய்கிறது, பொழுதோ சாய்கிறது, அந்நிலையில் கட்டில் பின்னி முடிக்க வேண்டிய தொழிலாளியின் கையில் ஓடும் ஊசியினும் விரைவானது அப்போர் என்கிறார். அத்தொழிலாளியை அவர் குறிக்கும் சொல் இழிவுச் சொல். அதனை நாம் ஒப்பமாட்டோம். பிறப்பால் இழிந்தவன் ஒருவனில்லை. எனினும் அச்சொல்லைக் கையாண்ட புலவருக்கே, மன்னன் மகனுடைய விரைவை அளக்க, அவ்வுழைப்பாளியின் கையன்றி வேறு அளவுகோல் அகப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்க. சொல் அவனைத் தாழ்த்தியது. உவமை அவனை உயர்த்திவிட்டது.

காண்போரையும் அப்பாட்டுகள் மறக்கவில்லை. அவ்வீரன்மீது காதல் கொண்ட நக்கண்ணையார் 85ஆம் பாட்டில், வெற்றி அவனதே என்பாரும் அன்று என்பாருமாகக் கூட்டம் இருகூறாகப் பேசுவதைக் கேட்டுச் சிலம்பொலிக்க ஓடி, பனைமரத்தடியிற் சாய்ந்து நின்று, அவன் வென்றதைக் கண்டதாகப் பாடுகிறார். நம் தோட்டத்து மண்டபத்தில் இன்று எழும் கூச்சலும் அதுவே.

ஆயினும் ஒரு குறை. இத்தனை பாட்டுகளிலும் வீழ்ந்த ஆமூர் மல்லனுக்குப் பெயர் இல்லை. அவன் மார்பு இருந்தமையாலன்றோ வென்றவன் முழங்காலுக்கு ஊன்றுமிடம் கிடைத்தது! வலிமையற்ற ஒருவனை வென்றிருந்தால் புலவர் பாடியிரார். வென்றவனுடைய புகழிற் பாதி வீழ்ந்தவன் உடலிலிருந்து வந்தது. அப்பாதிக்குரியவன் பெயரின்றிப் போனான்.

மேனாட்டு அறிஞர் கூற்று

பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட நூலொன்றில் மற்போரைப் பற்றிய கட்டுரை முதலிடம் பெற்றுள்ளது. 1972இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக நாம் அதனைப் படித்தோம். மற்போர் விளையாட்டன்று, காட்சி. அது பழைய கிரேக்க நாடகத்திற்கு நெருங்கிய உறவு. ஏமாற்றா இல்லையா என்று காண்போர் கவலைப்படுவதில்லை. நன்மை தீமை, துன்பம், தோல்வி, நீதி ஆகியவை ஐயமின்றிக் கண்முன் தோன்றுவதையே விரும்புகின்றனர் என்பது அவர் கொள்கை. படித்தவர் இழிவாக எண்ணிய காட்சியை எளிய மக்கள் அறிவோடுதான் காண்கின்றனர் என்று காட்டிய பெருமை அவருக்கு உரியது. நம் ஆசிரிய நண்பருக்கு இதுவே போதிய விடை.

ஆயினும் அவர் கட்டுரையில் நாம் ஒரு குறை காண்கிறோம். மல்லனுடைய உடலை அவர் ஓர் எழுத்தைப்போற் படிக்கிறார். தொங்கும் சதை கயமையைக் குறிக்கும். சுளித்த முகம் துன்பத்தைக் குறிக்கும். குறிப்பது சரி, ஆனால் அவ்வெழுத்துக்கு இரத்தமும் எலும்பும் உண்டு. காட்சி முடிந்தபின் அவ்வெழுத்து வீட்டிற்குப் போய் முதுகில் தைலம் தேய்த்துக்கொள்கிறது. அரங்கின் முன்னிருக்கையிலிருந்து பார்த்தவருக்கு அது தெரியவில்லை போலும்.

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் கர்ட் ஆங்கிள் என்பவர் கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டிருந்த நிலையில் பொருது தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் அவர் காட்சிப்போருக்கு வந்தார். அங்கும் அக்கழுத்து அவரை வருத்தி, அறுவைச் சிகிச்சைக்கு ஆளாக்கியது. மெய்ப்போரில் உலகை வென்றவனையும் பொய்ப்போர் நோகச் செய்தது. 1998 ஜூன் 28இல் பிட்ஸ்பர்க் நகரில் மிக் ஃபோலி என்பவர் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து கீழே மேசைமேல் எறியப்பட்டார். அது பேசி வைத்தது. மறுபடி ஏறியபொழுது கூண்டின் கூரை பெயர்ந்து உள்ளே மேடையில் விழுந்தார். அது பேசி வைத்ததன்று. பல் உடைந்த நிலையிலும் எழுந்து ஆட்டத்தை முடித்தார். ஜப்பானின் மிட்சுஹாரு மிசாவா 2009 ஜூனில் ஹிரோஷிமாவில், ஆயிரம் முறை விழுந்து பழகியதொரு வீழ்ச்சியிலேயே எழாமல் உயிர்நீத்தார். அவருக்கு வயது 46.

இத்துணை வலிமையுடையோர் அமெரிக்கப் பெருங்கம்பெனியில் வேலைக்காரராகவும் கணக்கிடப்படுவதில்லை. தனித்த ஒப்பந்தக்காரர் என்றே எழுதப்படுகின்றனர். ஒப்பந்தக்காரர் என்ற சொல்லின் பொருளைத் தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

நம் பிழை

இங்கு நம்முடைய குற்றம் ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருநாள் காலை, பெரட்டுக்களத்தில் செம்பனைக் குலை வெட்டும் முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "கிராணி ஐயா, முதுகு நிமிர முடியலை, இன்னைக்கு விட்டுடுங்க" என்றார். முந்திய இரவுதான் அவர் மண்டபத்தில் அமர்ந்து மற்போர் பார்த்து உரக்கச் சிரித்ததை நாம் கண்டிருந்தோம். "நேற்றுச் சிரித்தீரே, இன்று என்ன நடிப்பு?" என்று கூறி, வேலைக்கு அனுப்பினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. நெடிய கம்பின் நுனியில் அரிவாள் கட்டி அண்ணாந்து வெட்டுவதும், இருபது கிலோ அளவுள்ள குலையைக் குனிந்து தூக்குவதும் அவர் தொழில். உச்சிப்பொழுதில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தனர். முதுகெலும்பின் வட்டு விலகியிருப்பதாக மருத்துவர் கூறினார். அதன்பின் அவர் கம்பு பிடிக்கவில்லை. நாம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க ஐயா" என்றார். அவர் விட்டார், நாம் விடமுடியவில்லை.

மல்லனுடைய வலியைப் பொய்யென்று சொல்லப் பழகிய நாக்குத்தான் உழைப்பாளியின் வலியையும் நடிப்பென்றது. சிரிக்கிறவனுக்கு வலி இராது, நடப்பவனுக்கு நோய் இராது என்று எண்ணுவோர் கையில் செக்ரோலும் பேனாவும் இருப்பது பேராபத்து. வலியை மறைத்து எழுந்து நிற்பதே மல்லனுடைய தொழில். நம் மக்கள் பலருக்கு அதுவே வாழ்க்கை.

இளைஞர்களுக்கு ஒன்று கூறி முடிப்போம். மண்டபத்தில் மற்போர் பார்க்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பாருங்கள், கைதட்டுங்கள். ஆனால் திடலிலே தோழனைத் தலைகீழாகத் தூக்கிப் பார்க்க முனையாதீர்கள். அம்மல்லர்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்து, ஆண்டுக்கணக்கில் விழப் பயின்றவர்கள். அவர்களுக்கே கழுத்து முறிகிறது. உடலை வளர்க்க விரும்புவோர் தக்க ஆசானிடம் முறையாகப் பயிலட்டும். அடிப்பதைக் கண்டு மயங்காமல், விழுபவன் எவ்வாறு விழுகிறான், விழுந்தவனை மற்றவன் எவ்வாறு காக்கிறான் என்பதைக் கூர்ந்து பார்க்கட்டும்.

ஆசிரிய நண்பர் அன்றிரவு நம்முடன் மண்டபத்திற்கு வந்தார். தோற்றவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கிச் சென்ற காட்சியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது நடிப்பா, உண்மையா?" என்று கேட்டார். நமக்குத் தெரியாது என்றோம். தெரியாதவிடத்து உண்மையென்று கொண்டு நடப்பதே மனிதத் தன்மை என்பது நம் துணிபு.